பாடப் பாட ராகம்: டெக்சாஸ் கார்ட்டர் குடும்பமும் நம்ம மே மாச பாட்டு ஸ்கூலும்

(பாடகர் குழு ஆண்டு விழாவில பேசினது. கேட்டவங்க நிறைய பேர் எழுத்துல போடச் சொன்னதால இங்க.)

தலைமை தாங்குற சேகர குரு ஐயா அவர்களே, ஐயா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அம்மா அவர்களே, வயசையும் பாக்காம இத்தனை படி ஏறி வந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, கமிட்டி செயலாளர் அண்ணாச்சி, பொருளாளர் அண்ணாச்சி, இந்த மைக் செட்டை காசு வாங்காம போட்டுக் கொடுத்த தம்பி, காலைல இருந்து அடுப்படியில நிக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். யார் பேராவது விட்டுப் போயிருந்தா பொறுத்துக்கோங்க.

மூணு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு, ஒரு குடும்பத்தோட கதை. ரெண்டு, அவங்க பாட்டு படிச்ச விதம். மூணு, நம்ம ஊர்ல நாம செய்யக்கூடிய ஒரு காரியம்.

நம்ம பெரியவங்க சொல்வாங்க இல்ல, பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்னு. இது அந்தக் குடும்பத்துக்குன்னே சொன்னது மாதிரி இருக்கு. அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலம், 1935. ஊரெல்லாம் பஞ்சம், வேலை கிடையாது, டி.பி. கார்ட்டர்னு ஒருத்தர், வீடு நிறைய பிள்ளைங்க, பருத்தி எடுத்துப் பிழைச்ச குடும்பம். (வர்ஜீனியாவில ஒரு கார்ட்டர் குடும்பம் ரொம்ப பிரபலம், அவங்க வேற இவங்க வேற.) லப்பக் ஊர்ல இருக்கும்போது ஒரு பொண்ணுக்கு உடம்புக்கு ரொம்ப முடியல, மருந்து வாங்க காசு இல்ல. இங்க உட்கார்ந்திருக்கிற அப்பாமார் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிள்ளை படுத்திருக்கு, மருந்துக் கடையில கடன் கேக்கணும், இல்ல தெரிஞ்சவங்க கிட்ட போய் நிக்கணும், நாம வேற என்ன செஞ்சிருப்போம்? அடகு வைக்க ஒரு குண்டுமணி தங்கம் கிடையாது. அந்த மனுஷன் நேரா கே.எஃப்.ஒய்.ஓ. ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனார், எங்களுக்குப் பாடத் தெரியும், வேலை கொடுங்கன்னு கேட்டார். கேட்டார் பாருங்க, அதான் எனக்குப் பிடிச்ச இடம்! பாட்டுங்கிறது ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்னு அவர் நினைக்கல. வேலையும் கிடைச்சுது. அப்பா டெனர் (ஆண்கள்ல மேல் குரல்), மகன் ஜிம் பாஸ் (ஆண்கள்ல கீழ் குரல்), கிட்டாரும் அவர்தான், மகள் ரோஸ் சொப்ரானோ (பெண்கள்ல மேல் குரல்), இன்னொரு மகள் அன்னா ஆல்ட்டோ (பெண்கள்ல கீழ் குரல்). நாலு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான் சொத்து. பாடப் பாட ராகம்னு சும்மாவா சொன்னாங்க!

அடுத்த வருஷமே ஃபோர்ட் வொர்த்ல பெரிய ஸ்டேஷன், டபிள்யூ.பி.ஏ.பி., பியூலின்னு ஒரு மாவு மில் ஸ்பான்சர். இவங்க குழுவுக்கு சக் வேகன் கேங்னு பேர் வந்ததும் அங்கதான், சக் வேகன்னா மாடு ஓட்டிட்டுப் போறவங்களுக்கு சமையல் சாமான் ஏத்திப் போற வண்டி. முதல்ல நாட்டுப்புறப் பாட்டு, கௌபாய் பாட்டு எல்லாம் கலந்துதான் பாடினாங்க, கேக்குறவங்க பக்திப் பாட்டு கேட்டு கேட்டு எழுதினதால அந்தப் பக்கம் போயிட்டாங்க. 1936 நவம்பர்ல சான் அன்டோனியோல முதல் ரெக்கார்டிங், அப்புறம் கொலம்பியா கம்பெனிக்கு 1975 வரைக்கும் 408 பாட்டு. அப்பா 1963ல காலமானார். ஜிம்மோட தம்பி ராய், தங்கச்சிமார்னு ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் நின்னாங்க, அப்புறம் அன்னாவோட பேத்தி குழுவை எடுத்து நடத்தினாங்க.

இப்ப நான் வந்த காரியத்துக்கு வர்றேன். இந்தக் குடும்பம் எங்க பாட்டு படிச்சுது? காலேஜா? இல்ல. அந்தக் காலத்துல அங்க கிராமத்து சர்ச்சுல வாத்தியார் வந்து பத்து நாள், ரெண்டு வாரம் தங்கி பாட்டு ஸ்கூல் நடத்துவார். கார்ட்டரும் அவர் மனைவியும் முதல்ல சந்திச்சதே அப்படி ஒரு பாட்டு ஸ்கூல்லதான். அங்க பாட்டுப் புத்தகத்துல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம் உண்டு, டோ முக்கோணம், மீ டைமண்ட், சோல் உருண்டை, லா சதுரம். ஸ்வரம் எந்தக் கோட்டு மேல இருக்குன்னு எண்ண வேண்டாம், வடிவத்தைப் பார்த்த உடனே சின்னப் பிள்ளையும் நாலு பார்ட்ல அதோட பார்ட்டைப் பிடிச்சுக்கும்.

நம்ம கிட்ட இது இல்லாமலா இருந்துச்சு? டானிக் சோல்ஃபா, அதான் ஸ்வரத்தை எழுத்தாலேயே எழுதுற முறை, இருந்துச்சே! முன்வரிசையில இருக்கிற பெரியவங்களைக் கேளுங்க, ட ர ம ஃப பார்த்து புதுப் பாட்டை அப்படியே பாடுவாங்க. இப்ப என்ன நடக்குது, போன்ல ட்ராக் போடுறோம், எல்லாரும் ஒரே ராகத்தைப் பாடுறோம், ஆல்ட்டோ எங்க, டெனர் எங்க? பிள்ளைங்களுக்குத் திறமை இல்லாம இல்ல, சொல்லிக் கொடுக்க நாமதான் உட்காரல. வாயை மூடி வச்சா ரோகம்தான், மூட மூட ரோகம்.

அதனால சேகர குரு ஐயா முன்னால கேக்குறேன், வர்ற மே மாசம் வி.பி.எஸ். (பிள்ளைங்களோட விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிஞ்ச கையோட பத்து நாள் பாட்டு ஸ்கூல், சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம், ஃபீஸ் கிடையாது, சோல்ஃபாவும் நாலு பார்ட்டும் மட்டும். அப்பா அம்மாவும் பிள்ளைங்களோட சேர்ந்து உட்காரணும், குடும்பமா வந்தாதான் வீட்டுல பயிற்சி நடக்கும். கரும்பலகை ஸ்கூல்ல இருக்கு, பெஞ்சு தர்றேன்னு பொருளாளர் அண்ணாச்சி சொல்லிட்டாங்க. பேர் கொடுக்கிறவங்க கொயர் மாஸ்டர் கிட்ட ஞாயித்துக்கிழமைக்குள்ள கொடுங்க, பாஸ் பாடத்தான் ஆள் குறைவு, குரல் உடைஞ்ச பசங்களை வெக்கப்படாம அனுப்பி வைங்க.