மைக் இல்லாமல் ஒரு மயான காண்டம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மழை இருட்டையும் பாராமல் தீவகத்திலிருந்து வந்திருக்கிற, கூத்துப் பழக்குகிற மூத்த அண்ணாவிமாரே, கலாசார உத்தியோகத்தர் அவர்களே, வாசிகசாலை நிர்வாகிகளே, மண்டபத்தை இலவசமாகத் தந்த பாடசாலை அதிபர் அவர்களே (அதிபரின் பெயர் அழைப்பிதழில் விடுபட்டுப் போனது, சபையின் சார்பில் பொறுத்தருளக் கேட்கிறேன்), கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கிற பெடியளே, எல்லோருக்கும் வணக்கம்.

மயான காண்டத்தை, அதாவது அரிச்சந்திரன் சுடலை காக்கிற காட்சியை, மைக் இல்லாமல் போடலாமா என்று கேட்கத்தான் வந்தேன். அதற்குமுன் மூன்று விடயம் பேசலாம் என்று நினைத்தேன். ஒன்று, ரொபேர்ட்டோ அலான்யா என்கிற ஓபரா, அதாவது மேற்கத்திய இசைநாடகப் பாடகர் வந்த வழி. இரண்டு, அந்தக் குரல் மண்டபத்தை நிறைக்கிற விதம். மூன்று, ஓபரா அரங்குகள் பணம் திரட்டும் முறை.

அலான்யா ஒரு டெனர், அதாவது மேல்ஸ்தாயி ஆண்குரல். டெனர்களின் உச்சம் என்று கொண்டாடுகிற ‘ஹை சி’ 523 ஹேர்ட்ஸ். நம்முடைய ஆர்மோனியக் கணக்கில் சொல்கிறேன், அண்ணாவிமாருக்கு உடனே பிடிபடும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிற ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேடக்காரருக்கு, அது தாரஸ்தாயிச் சுத்த மத்திமம். ஒரு கட்டையில் கச்சேரி செய்கிற வித்துவானுக்கு அதிதார சட்சம்! நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு இந்த உயரம் புதிதல்ல. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைக் கேட்ட காங்கேசன்துறைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

அலான்யா 1963இல் பாரிஸ் புறநகரில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இசைக்கல்லூரிப் படிப்பு அவருடைய அடித்தளம் அல்ல. இளவயதில் பாரிஸ் கபரேக்களில் (பாட்டு நடக்கிற இரவு விடுதிகளில்) பொப் பாட்டுப் பாடினார். சம்பளத்தைவிட வாடிக்கையாளர் போடுகிற காசுதான் பெரிது. பாடகரும் நடிகருமான மரியோ லான்சாவின் படங்களும் பழைய டெனர்களின் இசைத்தட்டுகளும் அவரை ஓபராப் பக்கம் இழுத்தன. வழிகாட்டிய ரஃபாயெல் ருயிஸ் ஒரு பாட்டு வாத்தியார்கூட இல்லை. கியூபாவிலிருந்து வந்த டபிள் பாஸ் வாத்தியக்காரர். 1988இல் புகழ்பெற்ற டெனர் பவரொட்டியின் பெயரால் நடந்த போட்டியில் வென்றார். அதே ஆண்டு ‘லா த்ராவியாத்தா’ ஓபராவில் அல்ஃபிரெடோவாக மேடையேறினார். 1990இல் மிலானின் லா ஸ்காலா அரங்கு, 1996இல் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரங்கு.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” இந்தப் பழமொழியை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, கேளுங்கோ.

2006 டிசம்பர் 10. லா ஸ்காலாவில் ‘ஐடா’ என்ற ஓபரா, இயக்குநர் ஸெஃபிரெல்லியின் பிரமாண்டத் தயாரிப்பு, அன்றைக்கு இரண்டாவது காட்சி. அலான்யாதான் படைத்தலைவன் ரடமெஸ். இந்த வேடத்தில் ஒரு கொடுமை உண்டு: திரை விலகிச் சில நிமிடத்திலேயே, தொண்டை சூடாகுமுன், ‘செலெஸ்தே ஐடா’ என்ற பெரிய பாட்டைப் பாடவேண்டும். கடைசிச் சுரத்தை உச்சத்தில், அதுவும் மெல்ல மெல்லத் தேய்த்து முடி என்று இசையமைத்த வெர்டி எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலான டெனர்கள் அதை ஓங்கிப் பாடித் தப்பிவிடுகிறார்கள். அன்று பாட்டு முடிந்ததும் மேல்மாடத்திலிருந்து சீழ்க்கை, கூச்சல். லா ஸ்காலாவின் மேல்மாட ரசிகர்கள் நம்முடைய கூத்து வெட்டையில் முன்னுக்குப் பாய்போட்டு இருக்கிற கிழவர்களைப் போல. ஒரு சுரம் பிசகினாலும் விடமாட்டார்கள். அலான்யா கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டார், விறுவிறென்று உள்ளே போய்விட்டார்! வாத்தியம் நிற்கவில்லை. இளவரசி அம்னெரிஸ் வேடக்காரி தன் பங்கைப் பாடிக்கொண்டு நிற்கிறா, பதில் பாட ஆளில்லை. திரைக்குப் பின்னால் நின்ற மாற்று டெனர் அன்டோனெல்லோ பலோம்பியை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். சுற்றிவர எல்லோரும் எகிப்திய உடுப்பில் மினுங்க, இவர் ஜீன்ஸும் கறுப்புச் சேட்டுமாக வந்து நின்று பாடினார். அரிச்சந்திரன் பாதியில் ஓடிப்போக, பெற்றோல்மாக்ஸ் பிடித்தவன் சாரத்தோடு வந்து “மயானம் காப்பேன்” என்று பாடினால் எப்படியிருக்கும்? அப்படித்தான். அந்தத் தொடரில் அலான்யா மீண்டும் பாடவில்லை. மற்ற அரங்குகளில் அவர் கொடி பறந்தது வேறு கதை. ஆனாலும் கூடம் கோணல்தான் என்று அன்றைக்கு அவர் நினைத்திருக்கவேண்டும்.

இனிக் குரல். கபரேயில் மைக் உண்டு, ஓபராவில் இல்லை. மைக்கோடு பழகியவர் நெஞ்சுக்குரலை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போவார். ஐந்து கட்டைக்காரருக்குத் தாரச் சட்சத்தை நெருங்கும் இடத்தில் அது வெடிக்கும், அல்லது கத்தலாகும். ஓபரா டெனர் அந்த இடத்தில் ‘ஆ’வைச் சற்று ‘ஓ’ பக்கம் வளைப்பார், குரல்வளையை மேலேற விடமாட்டார். கொட்டாவி தொடங்கும்போது தொண்டைக்குள் ஓர் இடம் திறக்கிறதே, அந்த நிலை. நன்றாகப் பழகிய குரலில் 3000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு மினுக்கம் சேரும். வாத்தியக் குழுவின் வலு அதற்கு வெகு கீழே இருக்கிறது. அதனால் எழுபது எண்பது வாத்தியங்களைக் கடந்தும் ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிறது.

பெடியள் நாளைக்கே செய்யக்கூடிய பயிற்சி: பாதிக் கிளாஸ் தண்ணீர், ஒரு ஸ்ட்ரோ. நுனி இரண்டு சென்ரிமீற்றர் மூழ்கட்டும். ஸ்ட்ரோவுக்குள் ‘ஊ’ என்று கீழிருந்து மேலே வழுக்கி ஐந்து நிமிடம். குமிழி ஒரே சீராக வரவேண்டும். விட்டு விட்டு வந்தால் மூச்சு அறுகிறது. ஆழமாகத் தோய்த்தால் முக்கவேண்டி வரும், தொண்டை இறுகும். இன்னொன்று: கூத்து முடிந்து இரவு இரண்டு மணிக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு உடனே சரிந்து படுத்தால் வயிற்று அமிலம் குரல்வளை வரை ஏறும், விடியக் குரல் கரகரக்கும். இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கோ. குரல் அடைத்தால் குசுகுசுக்காமல் பேசாமலே இருங்கோ.

இப்போது நம்முடைய மேடைக்கு வருகிறேன். முன்னுக்கு இரண்டு மைக் நட்டுவைக்கிறோம். ராஜபார்ட் பாடவேண்டுமென்றால் மைக்குக்கு ஓடிவருகிறார், ஆட்டம் அங்கேயே செத்துவிடுகிறது. சந்திரமதி மகனைத் தூக்கிக்கொண்டு அழவும் மைக்குக்குத்தான் வரவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டி கூவினால் எல்லோரும் சவுண்ட்காரப் பெடியனை முறைக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

மூன்றாவது விடயத்துக்கு வரமுன் தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். அதனால் கேட்க வந்ததை நேரே கேட்கிறேன். அடுத்த திருவிழாவுக்கு ஒரேயொரு இரவு, மயான காண்டத்தை மட்டும் மைக் இல்லாமல் போடுவோம். ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும், மேடைக்குப் பின்னால் பலகை மறைப்பு, முன்னுக்கு இருநூறு பேருக்குப் பாய், ஜெனரேற்றர் வீதிக்கு அப்பால். ஐந்து கட்டை கஷ்டமென்றால் நாலரையில் தொடங்குங்கோ. கலாசார உத்தியோகத்தர் சம்மதித்தால் நாளைக் காலையே கடிதம் கொண்டு வருகிறேன்.