லெப்டொப் திரையா, முகம் பார்க்கும் கண்ணாடியா?

[காட்சி: அணைத்து வைத்த இரண்டு லெப்டொப் பக்கத்தில் பக்கத்தில். எதிரே ஒரு யன்னல்.]

இரண்டையும் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். இடதுபக்கத் திரையில் கமரா தெரிகிறது, யன்னல் தெரிகிறது, யன்னல் கம்பியைக்கூட எண்ணலாம். வலதுபக்கத் திரையில் யன்னல் இருக்கும் இடத்தில் வெளிறிய ஒரு பூச்சு மட்டும். இடது கிளொசி, வலது மெட். கடையில் கேட்டால் "கிளொசி வடிவு, மெட் கண்ணுக்கு நல்லது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாதி சரிதான். ஆனால் கொழும்பில் இருப்பவருக்குத் தேவையானது மற்றப் பாதி.

முதலில் இந்தத் தெறிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும் வெளிச்சம் முழுதாக உள்ளே போவதில்லை. நேராக விழுந்தாலும் சுமார் 4 சதவீதம் திரும்பி வந்துவிடும். நன்றாகச் சரிந்து விழுந்தால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் திரைக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். நூற்றுக்கு நாலு என்றால் பெரிதாகத் தெரியாது. கணக்குப் போட்டால்தான் விஷயம் விளங்கும்.

[காட்சி: வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவன், பல்கனியில், மடியில் லெப்டொப்.]

பாடசாலை விட்டு வந்து உடுப்பு மாற்றாமலே பல்கனியில் இருந்து சூம் வகுப்பில் சேருகிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். நேர் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். வெயில் படாத திறந்த இடத்தில் பகலில் 10,000 லக்ஸ் அளவில் வெளிச்சம் இருக்கலாம். அறைக்குள் வேலை செய்யும் மேசையில் 300 முதல் 500 தான். ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்துக்கு அளவு நிட்ஸ். அந்த 10,000 லக்ஸில் வெள்ளைச் சேட்டின் பிரகாசம் 2,500 நிட்ஸ் அளவில் இருக்கும். அதில் 4 சதவீதம் 100 நிட்ஸ். விலை குறைந்த லெப்டொப்பின் முழுப் பிரகாசமே 250 நிட்ஸ்தான். ஆக, கறுப்பாக இருக்கவேண்டிய இடம் 100 நிட்ஸில் ஒளிர்கிறது, வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் 350. பெட்டியில் 1000:1 என்று எழுதியிருக்கும் கொன்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்ற கணக்கு, பல்கனியில் 3.5:1 ஆகிவிடுகிறது. ஆசிரியர் காட்டும் கறுப்புப் பின்னணி சிலைடில் பிள்ளைக்குத் தெரிவது தன்னுடைய டை மட்டும்தான்.

இதே சேட்டோடு அறைக்குள் வந்தால் அந்த 100 நிட்ஸ் 5 நிட்ஸ் ஆகிவிடும். அதனால்தான் ஒரே லெப்டொப்பை ஒருவர் அருமை என்கிறார், இன்னொருவர் உதவாது என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

[காட்சி: பேர வாவி, நீரில் தாமரைக் கோபுரம். பிறகு காற்றடிக்கும்போது அதே இடம்.]

சரி, மெட் என்ன செய்கிறது? காற்றில்லாத நேரம் பேர வாவியில் தாமரைக் கோபுரம் தலைகீழாகத் தெரியும். காற்று அடித்து நீர் சிலிர்த்தவுடன் கோபுரம் காணாமல் போய் நிறம் மட்டும் கலங்கிக் கிடக்கும். மெட் திரையின் மேற்பரப்பும் அப்படிச் சிலிர்த்ததுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளங்கள், வந்த வெளிச்சத்தை ஒவ்வொரு திசைக்கும் சிதறடித்துவிடுகின்றன.

கவனியுங்கள், வெளிச்சத்தைக் குறைக்கவில்லை, சிதறடிக்கிறது. அந்த 4 சதவீதம் எங்கும் போய்விடவில்லை, பரவி நிற்கிறது. பின்னால் எரியும் ஒரு டியூப் லைட் கிளொசி திரையில் ஒரு மூலையில் கூர்மையான கோடாக நிற்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மெட் திரையில் அந்தக் கோடு அகன்று, பாதித் திரை மெல்லிய சாம்பல் நிறமாகிவிடும்.

அப்படியென்றால் மெட்டில் என்ன லாபம்? உருவம் இல்லாததுதான் லாபம். நீங்கள் படிக்கிற எழுத்து உங்களிடமிருந்து இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. தெறித்துத் தெரியும் யன்னலோ திரைக்குப் பின்னால் பத்து அடி தள்ளி இருப்பது போலத் தெரியும், ஏனென்றால் ஆடியில் விம்பம் பொருள் இருக்கும் தூரத்துக்குப் பின்னால்தான் விழும். சாதாரண தரத்தில் படித்ததுதான். கண் இந்த இரண்டு தூரத்துக்கும் இடையில் இழுபடுகிறது. விம்பத்துக்கு விலகவேண்டும் என்று கழுத்தையும் திருப்பிக்கொண்டு இருப்போம். ஐரோப்பாவில் வேலைத்தலத் திரைகள் பற்றிய 1990ஆம் ஆண்டு விதியே, பாவிப்பவரைச் சங்கடப்படுத்தும் தெறிப்பு திரையில் இருக்கக்கூடாது என்று சொல்கிறது.

மெட்டுக்கு ஒரு குறை உண்டு, கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து உற்றுப் பாருங்கள். சீனி தூவியதுபோல நுண்ணிய நிறப் பொட்டுகள் மினுங்கும். மேற்பரப்பின் மேடுகள் பிக்ஸல்களின், அதாவது படத்தை உண்டாக்கும் நுண்ணிய புள்ளிகளின், வெளிச்சத்தை வளைப்பதால் வருவது இது. பிக்ஸல் சிறிதாகச் சிறிதாக இது கூடும். சிலருக்குக் கண்ணிலேயே படாது. கண்ணில் பட்டவருக்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

[காட்சி: மூக்குக்கண்ணாடி வில்லையில் ஊதா நிற மினுக்கம்.]

தெறிப்பை உண்மையிலேயே குறைப்பது வேறொரு வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கூடுதல் காசுக்குப் போட்டுத் தரும் கோட்டிங் இருக்கிறதே, அதே தொழில்நுட்பம்தான். கண்ணாடி மேல் மக்னீசியம் ஃப்ளோரைட் போன்ற ஒரு பொருளைச் சுமார் 100 நானோமீட்டர் தடிப்பில் பூசுவார்கள். பூச்சின் மேற்பக்கத்தில் தெறிக்கும் அலையும் கீழ்ப்பக்கத்தில் தெறிக்கும் அலையும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு படை பூசினாலே 4 சதவீதம் ஒன்றரைக்குக் கீழே இறங்கும். பல படை பூசினால் இன்னும் குறையும். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அழிக்க முடியாததால் கொஞ்சம் ஊதாவோ பச்சையோ மிஞ்சும்.

இன்னொன்று, திரைக்கு மேல் தனியாக ஒரு கண்ணாடி வைத்து நடுவில் காற்று இடைவெளி விட்டிருந்தால், தெறிக்கும் பரப்பு ஒன்றல்ல, மூன்று. பூச்சு இல்லாவிட்டால் 4 சதவீதம் 12 பக்கம் போய்விடும். இடைவெளி இல்லாமல் ஒட்டிய திரை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

பழைய கதையை ஓடிப் பார்த்துவிடுவோம். 2000களின் தொடக்கம் வரை லெப்டொப் என்றால் பெரும்பாலும் மெட்தான். கடை வெளிச்சத்தில் நிறம் தூக்கித் தெரிகிறது என்று கிளொசி வந்து சந்தையைப் பிடித்தது. 2008இல் அப்பிள் 15 அங்குல மெக்புக் ப்ரோவைக் கிளொசியாக மட்டும் விட்டது. பாவனையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2009இல் கூடுதல் விலைக்கு மெட் திரும்ப வந்தது. 2012இல் பிக்ஸல் மிகச் சிறிதான ரெட்டினா திரையோடு மறுபடி போனது. 2024இல் நானோ டெக்ஸ்சர் என்ற பெயரில் மெட் 150 டொலர் கூடுதல் விலையில் இன்னொரு தடவை வந்திருக்கிறது.

[காட்சி: பம்பலப்பிட்டி, யூனிட்டி பிளாசா வாசல்.]

யூனிட்டி பிளாசாவுக்கோ வேறெங்கோ வாங்கப் போனால், கடைக்காரர் ஓடவிட்டிருக்கும் பளபளப்பான டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். திரையை அணைத்துவிட்டு, மேலே எரியும் லைட்டைப் பார்க்கச் சரியுங்கள். லைட்டின் விளிம்பு கூர்மையாக, வெள்ளையாகவே தெரிந்தால் வெறும் கிளொசி. கூர்மையாக ஆனால் மங்கலாக, ஊதா சாயலில் தெரிந்தால் கோட்டிங் இருக்கிறது. விளிம்பே இல்லையென்றால் மெட். நிட்ஸ் எவ்வளவு என்றும் கேளுங்கள். யன்னல் பக்கம் வேலை செய்பவர் 250இல் நிற்கவேண்டாம், 400 இருந்தால் நிம்மதி. எழுத்து வேலை, கணக்கு வேலை என்றால் நான் யோசிக்காமல் மெட் என்பேன். படம் எடிட் செய்பவர், இரவில் படம் பார்ப்பவர் கோட்டிங் உள்ள கிளொசியை எடுக்கலாம். ஓலெட் (ஒவ்வொரு பிக்ஸலும் தானாக ஒளிரும்) திரையோ தொடுதிரையோ வேண்டுமென்றால் பெரும்பாலும் கிளொசிதான் கிடைக்கும்.

வாங்கியாயிற்று, இனி மாற்ற முடியாது என்பவர்கள் மேசையை மாற்றலாம். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், பின்னேரம் ஆனால் மேற்கிலிருந்து வெயில் நேரே வீட்டுக்குள் வந்து உட்காரும். யன்னலுக்கு முதுகு காட்டினால் வெயில் திரையில். யன்னலைப் பார்த்து இருந்தால் கண் வெளிச்சத்துக்குப் பழகி, திரை இருண்டுவிடும். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையை 10 பாகை சரித்தால் தெறிப்பு 20 பாகை விலகும், அதனால் சின்ன அசைவே போதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் காட்டும் டார்க் மோட் பகலில் வேண்டாம். கறுப்பில்தான் தெறிப்பு முழுதாகத் தெரியும், வெள்ளைப் பின்னணி அதை மூழ்கடித்துவிடும்.

துடைக்கும்போது அமோனியா கலந்த யன்னல் துடைப்பான்களைத் தொடவேண்டாம், கோட்டிங் பழுதாகும். லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

ஒட்டுகிற மெட் ஷீட் எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் அடியில் தூசியும் குமிழியும் மாட்டும், எழுத்தும் கொஞ்சம் மங்கும், சில மெல்லிய லெப்டொப்களில் மூடும்போது இடமும் போதாது. அந்தக் காசுக்கு யன்னலுக்கு ஒரு தடித்த திரைச்சீலை வாங்கிப் போடுங்கள்.