விண்வெளிப் படையின் காட்சிக்கூடத்தில் பழைய பொருள்கள் ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “அமெரிக்க விண்வெளிப் படை 2019 டிசம்பர் 20 அன்றுதான் தனிப் படையாக உருவானது. அப்படியிருக்க, ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் விண்வெளிக் கூடத்தில் ஏன் இத்தனை பழைய பொருள்கள்?”

நல்ல கேள்வி. படை புதியதே தவிர, அது செய்யும் வேலை புதியதன்று. ஏவுகணை ஏவப்பட்டால் அதன் வெப்பத்தை விண்ணிலிருந்தே கண்டு எச்சரிக்கும் செயற்கைக்கோள்களை அமெரிக்க விமானப்படை 1960களிலேயே ஏவத் தொடங்கிவிட்டது; ஜி.பி.எஸ். வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1978இல் பறந்தது. இவ்விரு பணிகளும் இன்று விண்வெளிப் படையின் பொறுப்பில் உள்ளன.

ஆனால் அந்தக் கூடத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது உளவுச் செயற்கைக்கோள்களைத்தான். 1960 மே மாதம் சோவியத் வான்வெளியில் யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, அந்நாட்டின் மீது விமானத்தை அனுப்பிப் படம் எடுப்பது இயலாமற்போயிற்று. விண்ணில் எடுத்த படத்தை வானொலி அலைகளாக அனுப்பினால் தேவையான துல்லியம் கிடைக்காத காலம் அது என்பதால், படச்சுருளையே ஒரு கலத்தில் வைத்துப் பூமிக்கு இறக்கினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று, ஹவாய்க்கு அருகே பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த கலத்தை, வாலில் கொக்கிகளைத் தொங்கவிட்டுப் பறந்த சி-119 விமானம் ஒன்று மூன்றாவது முயற்சியில் நடுவானிலேயே பிடித்தது. அதற்கு முந்தைய யூ-2 பயணங்கள் அனைத்தும் சேர்ந்து படமெடுத்த சோவியத் நிலப்பரப்பைவிட அதிகமான பரப்பு அந்த ஒரே சுருளில் பதிவாகியிருந்தது. அந்த சி-119 விமானம் இன்று அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கலத்தை இறக்கிய உளவுச் செயற்கைக்கோளின் வழிவந்த காம்பிட், ஹெக்சகன் செயற்கைக்கோள்கள் 2011 செப்டம்பர் வரை அரசு இரகசியமாக இருந்தன. அதற்குப் பிறகே அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க முடிந்தது. ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள ஹெக்சகன், சுமார் 60 மைல் நீளப் படச்சுருளைச் சுமந்து சென்று, அதை நான்கு பெரிய கலங்களில் தவணை முறையில் பூமிக்கு அனுப்பியது. 1971இல் நடந்த முதல் பயணத்தில் மூன்றாவது கலத்தின் பாராசூட் பழுதடைந்ததால் அது பசிபிக்கில் 16,000 அடிக்கும் கீழே மூழ்கிவிட்டது. மறு ஆண்டு ஆழ்கடல் கலம் ஒன்றை அனுப்பி அதைத் தேடிப் பிடித்தார்கள்; ஆனால் மேலே தூக்கி வரும்போது சுருள் சிதைந்துவிட்டது. ஒரு படச்சுருளுக்காக அவ்வளவு ஆழம்வரை சென்றார்கள் என்பதே, அதன் மதிப்பு எத்தகையது என்பதற்குச் சான்று.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த உளவுச் செயற்கைக்கோள்களின் வழிவந்தவற்றை இன்று இயக்குவது விண்வெளிப் படையன்று. தேசிய உளவு அலுவலகம் என்ற தனி அமைப்பு. விண்வெளிப் படை அவற்றை ஏவுவதில் துணை நிற்கிறது. எனவே அக்கூடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அந்தப் படையின் நேரடி உடைமையாகக் கருத வேண்டாம்.