14,000 அடிக்கு முன்னால் 74 படி

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பேன், வந்து மொட்டை மாடியில் ஆசனம் போடுவேன். பதினைந்து வருடப் பழக்கம். நம் பக்கத்து ஆட்கள் இமயமலை ஏறப் போகிறோம் என்றால் அதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. புதுச்சேரியில் மேடு என்று பார்த்தால் கோரிமேடு. எங்கள் ஊரில் கேப்பர் மலை. அதையெல்லாம் மலை என்று சொன்னால் இமயமலை கோபித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி, மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹம்ப்டா கணவாய்க்கு ட்ரெக்கிங் போனேன். 4,270 மீட்டர், அதாவது 14,000 அடி. முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டேன். மறுவருடம்தான் கடந்தேன். இடையில் இருந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு என்னவோ அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 14,000 அடியில் அது நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் இருக்கும். இங்கே ஒரு மூச்சில் பத்து கவளம் கிடைத்தால் அங்கே ஆறுதான். இதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும், அதுவும் மேலே தங்கினால்தான் பழகும். கடலோரத்தில் உட்கார்ந்து எத்தனை வருடம் பிராணாயாமம் செய்தாலும் அந்தப் பழக்கம் வராது. நல்ல உடற்கட்டு உள்ள இருபது வயதுப் பையனுக்கும் மலைநோய், அதாவது உயரத்தில் வரும் தலைவலியும் குமட்டலும், வரும்.

இது தெரியாமல்தான் முதல் தடவை போனேன். 3,600 மீட்டர் உயரத்தில் பாலு கா கேரா என்று ஒரு புல்வெளி, அங்கே டென்ட். வழியெல்லாம் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். கூட வந்த பிள்ளைகள் "ஆன்ட்டி சூப்பர்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாள் விடிகாலையில் அவர்களை உட்காரவைத்துக் கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது சுற்றில் எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்க் கண் இருட்டியது. அப்புறம் தலைவலி, டீயைப் பார்த்தாலே குமட்டல். தலைவலி கபாலபாதியால் வந்தது என்று சொல்ல மாட்டேன், அது வேகமாக ஏறியதற்கான கூலி. ஆனால் அந்த உயரத்தில் உடம்பு ஏற்கெனவே வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை நிறைய வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் நானும் வேண்டுமென்றே வேகமாக ஊதித் தள்ளினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

கைடு என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். "தீதி, தலைவலி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பொய். அவர் என் தட்டைப் பார்த்தார், சப்பாத்தி அப்படியே இருந்தது. "மலை எங்கேயும் போகாது, கீழே போங்க" என்று ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பி இறக்கிவிட்டார். 500 மீட்டர் இறங்கியதும் சாயங்காலத்துக்குள் தலைவலி விட்டுப்போனது. இதற்கு முதல் மருந்து இறங்குவதுதான்.

ஊருக்கு வந்ததும் யோகாவே வீண் என்று தோன்றியது. ஒரு வாரம் பாயை விரிக்கவே இல்லை. பிறகு யோசித்தால், வீணானது யோகா இல்லை, அதை நான் பயன்படுத்திய விதம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். கேட்டுக்கொண்டே ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி காற்று தொண்டை, மூச்சுக்குழாய் வரை வந்து ரத்தத்தைத் தொடாமலேயே திரும்பிவிடும். கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்புகிற மாதிரி. மேல்மூச்சாக நிமிடத்துக்கு 20 தடவை, 300 மில்லி வீதம் இழுத்தால் மொத்தம் 6 லிட்டர், அதில் 3 லிட்டர் வெறும்பை. அதே 6 லிட்டரை 600 மில்லி வீதம் 10 மூச்சாக இழுத்தால் வீணாவது ஒன்றரை லிட்டர்தான். இப்போது கை மேலே எழும்புகிறதா? எழும்பினால் நுரையீரலின் அடி வரை மூச்சு போகிறது என்று அர்த்தம். மேலே ஏறும்போது மூச்சு தானாக வேகமெடுக்கும், எடுக்கத்தான் வேண்டும், அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தக் கூடாது. ஆழம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த மாதிரிப் பயிற்சியால் மூச்சுத் தசைக்கு வலு வரும் என்பதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள், 1992இல் அந்த ஆய்வு வெளியானது. மூச்சை வெளியே தள்ளும் விசையும் அடக்கும் நேரமும் நன்றாகவே கூடியிருந்தன. நானும் 12 வாரம் என்றே கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஏறிப் பழக இடம் வேண்டுமே. கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி என்ற சின்ன மலைக்கு 74 படி. மேலே கோயிலில் ஹயக்ரீவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தடவை ஏறுவார்கள், நான் பத்து தடவை ஏறுவேன். முதுகில் பை, பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு அரிசி மூட்டை. வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு. இரண்டு படிக்கு உள்ளே, இரண்டு படிக்கு வெளியே. வாய் திறந்துகொண்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நின்றுவிட வேண்டும். பூ விற்கும் அம்மா, "என்ன கண்ணு, வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு எப்படி விளக்குவது? மாதம் ஒருமுறை செஞ்சி ராஜகிரிக் கோட்டை. அது 800 அடி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

ஆசனங்களில் நான் அதிகம் நம்பியது உத்கடாசனம். இல்லாத நாற்காலியில் உட்காருவதுதான். பத்து விநாடியில் தொடை நடுங்கும், ஒரு நிமிடம் வரை கொண்டுபோனேன். காரணம், ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கிவிடும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தைத் தரையில் செய்யாமல் தலையணைமேல் நின்று செய்தேன். கணுக்கால் ஆடி ஆடிப் பழகும், ஓடைக் கற்களைத் தாண்டும்போது அதன் அருமை தெரியும். பை சுமந்த தோளுக்குப் புஜங்காசனம். மற்றதெல்லாம் உங்கள் ஆசிரியர் சொல்கிறபடி.

மறுவருடம் மணாலியில் கூடுதலாக இரண்டு நாள் தங்கினேன். 3,000 மீட்டருக்கு மேலே போனால், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு அதிகமாக ஏறித் தூங்காமல் இருப்பது நல்லது. மேலே கபாலபாதியும் இல்லை, மூச்சை அடக்குவதும் இல்லை. டென்டுக்குள் மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி நிதானமாக மூச்சு விடும் நாடிசுத்தி, ஒரு சவாசனம், அவ்வளவுதான். ராத்திரி தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திடுக்கென்று விழிப்பு வரும். உயரத்தில் பலருக்கும் நடப்பதுதான் என்று தெரிந்திருந்ததால் பயப்படாமல் படுத்திருந்தேன். காலையில் கைடு தலைவலியா என்று கேட்டதும், "லேசா இருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். பதினைந்து வருட யோகாவில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கஷ்டமான ஆசனம். தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, சரியான பிறகுதான் கிளம்பினோம். எல்லோருக்கும் கடைசியாகத்தான் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மலைநோய் வராமல் இருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையும் அவர் சொன்னால்தான்.

திருவந்திபுரம் போவதாக இருந்தால் சனிக்கிழமையும் முகூர்த்த நாளும் வேண்டாம். மலைமேல் கல்யாணக் கூட்டம் நெருக்கும், அரிசி மூட்டையோடு ஏறினால் சமையலுக்கு வந்தவர் என்று நினைத்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது நடந்திருக்கிறது.

வணக்கம்.