வேலை நேரத்தை வெகுவாகக் குறைக்க முடியுமா? பாஸிவ் இன்கம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

[திரையில்: 1930 – 2030]

வணக்கம். 1930-இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஒரு கணிப்பு சொன்னார். இன்னும் நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தாலே போதும் என்றார். அவர் கொடுத்த கெடு 2030. கிட்டத்தட்ட வந்துவிட்டோம். உற்பத்தி பல மடங்கு பெருகும் என்று அவர் சொன்னது நடந்தது. வேலை நேரம்தான் சொன்னபடி இறங்கவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இல் கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். நூறு வருடம் தாண்டியும் உலகத்தில் ஏராளமானவர்கள் அந்த எண்ணைச் சுற்றியே உழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் "பாஸிவ் இன்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் இத்தனை பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நாம் தூங்கும்போதும் பணம் வரும், வேலையைப் பாதியாக, ஏன், கால்வாசியாகக்கூடக் குறைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது. இந்த ஆசையை நான் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளைகளோடு இருக்கவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், பிடித்த ஒன்றைக் கற்கவும் நேரம் வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? நடக்குமா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை அடியோடு விடுவது, மாதச் சம்பளத்தில் வாழும் பெரும்பாலானவர்களுக்குப் பல பத்தாண்டு எடுக்கும் காரியம். வாரத்தில் அரை நாளையோ ஒரு நாளையோ மீட்டுக்கொள்வது எட்டக்கூடியது. ஆனால் அதற்குப் பணம் மட்டும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: செலவு × 25]

முதலில் உண்மையிலேயே கை வைக்காமல் வரும் வருமானம். வட்டி, நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்ட், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டின் வளர்ச்சி, இந்த வகை. இதற்கு வேலை கிடையாது, முதல், அதாவது போட்டுவைக்கப் பணம், வேண்டும். எவ்வளவு முதல்?

1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அந்நாட்டுச் சந்தைத் தரவுகளை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலுமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, முதல் வருடம் அதில் 4 சதவீதம் எடுக்கிறோம். அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையையும் ஏற்றிக்கொள்கிறோம். அப்படி எடுத்தாலும் 30 வருடத்துக்குப் பணம் தாங்கியது என்று அவருக்குத் தெரிந்தது. இதைத் திருப்பிப் போட்டால், வருடச் செலவைப் போல 25 மடங்கு முதல் தேவை என்று வரும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அந்த 30 வருடம். அது ஓய்வு பெறும் வயதில் இருப்பவருக்கான கணக்கு. 35 வயதில் வேலையை விடுகிறவருக்கு இன்னும் 50 வருடம் ஓட வேண்டியிருக்கலாம். அதுவும் விட்ட முதல் சில வருடங்களிலேயே சந்தை விழுந்தால், விழுந்த விலைக்கு விற்றுச் சாப்பிட வேண்டி வரும். பிறகு சந்தை எழுந்தாலும், எழுவதற்கு நம் கையில் மிச்சம் இருப்பது குறைவு. அமெரிக்கச் சந்தையின் வரலாறு எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே 25 மடங்கு என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

சரி, 25 மடங்கு சேர்க்க எத்தனை வருடம் ஆகும்? வருட வருமானம் 100 என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. அதில் 80 செலவாகிறது, 20 மிச்சம். விலைவாசி ஏற்றம் போக வருடத்துக்கு 4 சதவீதம் வளர்கிறது என்று எடுத்துக்கொள்வோம். தேவையான முதல் 80-இன் 25 மடங்கு, அதாவது 2000. வருடம் 20 வீதம் போட்டு அந்த 2000-ஐத் தொட 41 வருடம் ஆகும்.

[திரையில்: 20% சேமிப்பு – 41 வருடம் / 50% சேமிப்பு – சுமார் 18 வருடம்]

வருமானத்தில் பாதியைச் சேமிக்க முடிந்தவருக்கு இதே கணக்கு சுமார் 18 வருடத்தில் முடிகிறது. ஆனால் பாதியைச் சேமிப்பது யாரால் முடியும்? நல்ல சம்பளம், கடன் இல்லை, தன்னை நம்பி இருப்பவர்கள் குறைவு, இப்படி எல்லாம் கூடி வருகிறவர்களால். மாதக் கடைசியில் கை காலியாகும் வீட்டில் போய் இதைச் சொல்வது கொடுமை. அந்த வீட்டின் பிரச்சினை சோம்பலோ அறியாமையோ இல்லை. வருமானம் போதவில்லை, அவ்வளவுதான். பாஸிவ் இன்கம் பேசுகிற பலரும் இந்த இடத்தைத் தொடாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது கேள்வியைச் சிறிதாக்குவோம். முழு வேலையையும் விட வேண்டாம். ஐந்து நாளில் ஒரு நாளை மட்டும் விடலாம். அந்த ஒரு நாளின் சம்பளம் 100-இல் 20. அதை ஈடுகட்ட 20-இன் 25 மடங்கு, 500 போதும். வருடம் 20 வீதம் சேர்த்தால் சுமார் 18 வருடம். பத்தே வருடத்தில் கிட்டத்தட்ட 240 சேர்ந்திருக்கும். அதில் 4 சதவீதம் எடுத்தால் 10-க்குக் கொஞ்சம் குறைவு. பத்து வருடச் சேமிப்பு வாரத்தில் அரை நாளைத் திருப்பித் தருகிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 100 வாங்கி 80 செலவழிக்கிறவர், ஒரு நாளை இன்றைக்கே விட்டாலும் 80 வாங்கி 80 செலவழிப்பார். எந்தப் பாஸிவ் இன்கமும் வேண்டியதில்லை. சேமிப்பு நின்றுபோகும், முதுமைக்கும் அவசரத்துக்கும் வழியில்லாமல் போகும், அந்த ஆபத்து இருக்கிறது. அதனால் இன்றைக்கே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தோ பத்தோ வருடம் சேர்த்து ஒரு பாதுகாப்பு உருவான பிறகு, கொஞ்சம் சேமிப்பைக் குறைத்து, கொஞ்சம் செலவைக் குறைத்து, மீதியை வட்டியிலிருந்து எடுத்து ஒரு நாளை விடுவது நடக்கக்கூடிய காரியம். செலவைக் குறைப்பதற்கு இங்கே தனி மதிப்பு உண்டு. மாதச் செலவில் 1 குறைந்தால், தேவையான முதலில் 300 குறைகிறது. 12 மாதம், 25 மடங்கு, பெருக்கிப் பாருங்கள்.

41 வருடம் என்று கேட்டதும் மனசு குறுக்கு வழி தேடும். மாதம் 3 சதவீதம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் இனிக்கும். மாதம் 3 சதவீதம் கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். அப்படி நிச்சயமாகத் தர முடிந்த ஒருவருக்கு உங்கள் பணம் எதற்கு? இவ்வளவு பெரிதாகச் சொன்னால்தான் மோசடி என்றும் இல்லை. 2008 டிசம்பரில் அம்பலமான அமெரிக்க முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃப், வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம்தான் காட்டிவந்தார். ஏற்ற இறக்கமே இல்லாமல் காட்டினார், அதுதான் சந்தேகப்பட வேண்டிய அடையாளமாக இருந்தது.

[திரையில்: முதல் இல்லாதவர் போடும் முதல் – நேரம்]

கையில் முதல் இல்லாதவர்களிடம் அடுத்து சொல்லப்படுவது: ஒரு தடவை உழைத்து ஒன்றை உருவாக்குங்கள், அது காலமெல்லாம் சம்பாதிக்கும். ஆன்லைன் கோர்ஸ், மின்னூல், செயலி, பிறர் பொருளைப் பரிந்துரைத்து விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட் தளம், வீடியோ சேனல்.

ஒரு கோர்ஸை அருகில் போய்ப் பார்ப்போம். ஏதோ ஒரு மென்பொருளைக் கற்றுத்தரும் 40 பாடம். இரவும் வார இறுதியுமாக உட்கார்ந்து பதிவு செய்தாகிவிட்டது. விற்கவும் ஆரம்பித்தது. சில மாதத்தில் அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வருகிறது. இடது மூலையில் இருந்த பட்டன் மேலே ஒரு மெனுவுக்குள் போய்விட்டது. ஒரு மாணவர் எழுதுகிறார்: "14-ஆம் பாடத்தில் நீங்கள் சொல்லும் பட்டன் என் திரையில் இல்லையே?" மறுநாள் அதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். 14-ஆம் பாடத்தை மறுபடி பதிவு செய்ய உட்கார்ந்தால், 15-லிருந்து 19 வரை அதே பட்டன் வருகிறது. பழைய மைக் இல்லை, குரல் வேறு மாதிரி கேட்கிறது. ஐந்து பாடத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் இன்னொருவர் இதே தலைப்பில் புதிய கோர்ஸ் போட்டு, தேடலில் மேலே வந்துவிடுகிறார்.

இதனால் கோர்ஸ் போடுவது வீண் என்று ஆகிவிடாது. நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு சிறு தொழில். பராமரிப்பு, விளம்பரம், வாடிக்கையாளர் பதில் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். அமெரிக்க வருமான வரி விதிகள் இதில் ஒரு அளவுகோல் வைத்திருக்கின்றன. ஒரு தொழிலில் வருடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல் நீங்களே உழைத்தால், பொதுவாக அது பாஸிவ் கணக்கில் சேராது. 500 மணி நேரம் என்றால் வாரத்துக்குச் சுமார் 10 மணி. மாலை நேரத்தில் சைடு பிசினஸ் பார்க்கும் பலரும் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். ஆகவே ஒரு நோட்டில் மணிக்கணக்கை எழுதிவையுங்கள். வந்த பணத்தை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். உங்கள் வேலையில் ஒரு மணிக்குக் கிடைப்பதைவிட அது குறைவாக இருந்து, வருடங்கள் போனாலும் ஏறவில்லை என்றால், நீங்கள் நேரத்தை மீட்கவில்லை, இன்னும் மலிவாக விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சங்கடம், இவற்றில் பல பிறருடைய தளத்தின் மேல் நிற்கின்றன. 2018 ஜனவரியில் யூடியூப், விளம்பர வருமானம் பெற 1000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று அறிவித்தது. அடுத்த மாதமே அமலுக்கு வந்தது. அந்த அளவுக்குக் கீழே இருந்த சேனல்களின் வருமானம் நின்றுபோனது. 2020 ஏப்ரலில் அமேசான் தன் அஃபிலியேட் கமிஷன்களை வெட்டியபோது, ஃபர்னிச்சர் பிரிவில் 8 சதவீதம் 3 ஆனது. அதே கட்டுரை, அதே வாசகர்கள், அதே விற்பனை, வருமானம் மட்டும் பாதிக்கும் கீழே. இதை நம்பி வேலையை விட்டிருந்த ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

வாடகை வருமானத்தையும் கேட்பீர்கள். அதற்கு முதலும் வேண்டும், உழைப்பும் வேண்டும். கடன் வாங்கி வாங்கிய வீடு என்றால், வாடகையில் தவணை, பழுது, வரி, ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் போக மிஞ்சுவதை மட்டுமே வருமானமாக எண்ணுங்கள்.

[திரையில்: பணம் தயார். அனுமதி?]

பணம் மட்டும் போதாது என்று நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் சம்பளத்தை ஈடுகட்டும் வருமானம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலாளியிடம் போய் நாலு நாள் மட்டும் வருகிறேன் என்றால் என்ன பதில் வரும்? பல இடங்களில் முழு வேலை, இல்லையென்றால் ராஜினாமா. நடுவில் எதுவும் கிடையாது. பாஸிவ் இன்கம் பற்றிய பேச்சில் இது வரவே வராது. எனக்கோ இதுதான் பெரிய முட்டுக்கட்டையாகத் தெரிகிறது.

இந்தக் கதவைத் திறந்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் ஜெர்மனியில் 2001-இல் அமலான சட்டமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்கள் உள்ள நிறுவனங்களில், வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்கும் உரிமையை ஊழியருக்குத் தந்தன. தக்க காரணம் இல்லாமல் முதலாளி மறுக்க முடியாது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2500 பேரை வைத்து நடந்த சோதனையில், வாரம் 40 மணி நேரம் 35, 36 ஆனது. சம்பளம் குறையவில்லை. 2022-இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள், சுமார் 2900 ஊழியர்கள், ஆறு மாதம் சம்பளக் குறைப்பு இல்லாமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். முடிவில் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்வதாகச் சொன்னன. தாமாக முன்வந்த நிறுவனங்கள் அவை என்பதால் எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பாருங்கள், இவர்களில் யாரும் நம் கணக்கில் வந்த அந்த 500 என்ற தொகை சேரும்வரை 18 வருடம் காத்திருக்கவில்லை. சட்டமும் பேச்சுவார்த்தையும் அந்த மணி நேரங்களைப் பெற்றுத் தந்தன.

ஆகவே நீங்கள் இந்தப் பாதையில் போவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். அடுத்த ஆறு மாதம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே எடுத்துவைத்து, மீதியில் குடும்பம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் இப்போதே தெரிந்துவிடும், எதையும் இழக்கவில்லை. ஓடினால், எடுத்துவைத்தது முதலாகச் சேரும். அதற்குள் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் நாட்டுச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். அலுவலகத்தில் யாராவது ஏற்கெனவே குறைந்த நேரம் வேலை பார்க்கிறார்களா, எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். கேட்கும்போது "கொஞ்சம் நேரம் குறைத்துக்கொள்கிறேன்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சம்பளம் குறையும், வேலை அப்படியே இருக்கும். எந்த நாள் வரமாட்டீர்கள், அந்த நாளில் உங்கள் வேலைகளில் எது நிறுத்தப்படும், எது யாரிடம் போகும் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சோதனையாகக் கேளுங்கள். முடியாது என்று சொல்வதைவிட, சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்வது மேலாளருக்குச் சுலபம்.