பார்ட்னர் பதவி: விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் உள்ள கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் துறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர்கள் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது பெரும்பாலும் ஏமாறுவது பதவிப் பெயரில்தான். ‘பிரின்சிபல்’ என்ற பெயரையே பாருங்கள். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் பிரின்சிபல் என்பவர் பிராஜெக்ட் லீடருக்கு மேலே, பார்ட்னருக்கு (நிறுவனத்தின் பங்குதாரருக்கு) கீழே இருப்பவர்; சம்பளக்காரர். அமெரிக்க டெலாய்ட்டில் அதே பெயர் தாங்கியவர் நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். தணிக்கையும் செய்கிற நிறுவனம் அது. ஆகவே கணக்காளர் உரிமம் இல்லாதவர் பார்ட்னர் என்று போட்டுக்கொள்வதில் மாநிலச் சட்டங்களின் சிக்கல் உண்டு. அதனால்தான் அந்தத் தனிப் பெயர். மெக்கின்சியில் முன்பு டைரக்டர் என்றால் மூத்த பார்ட்னர். பெரிய நான்கு தணிக்கை நிறுவனங்களில் (டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி) டைரக்டர் பொதுவாகப் பார்ட்னருக்கு ஒரு படி கீழே.

எனவே ஒப்பிடும்போது பெயரை ஒதுக்கிவிட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கையிலிருந்து மூலதனம் போட வேண்டுமா, உங்கள் வருமானத்தில் எவ்வளவு பகுதி நிறுவன லாபத்தோடு ஏறி இறங்கும், நிறுவன முடிவுகளில் வாக்கு உண்டா.

ஏணியின் நீளமும் வேறு வேறு. மெக்கின்சி, பெயின் போன்ற உத்தி ஆலோசனை நிறுவனங்களில் எம்பிஏ முடித்துச் சேர்ந்தவர் ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் பார்ட்னர் தேர்வுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் இரண்டு, மூன்று ஆண்டுதான். ஏறாவிட்டால் வெளியே போகச் சொல்வார்கள். பெரிய நான்கில் சீனியர் மேனேஜர், டைரக்டர் என்று நீண்டு, பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகூட ஆகும். ஆனால் அங்கே டைரக்டராகவே தங்கிவிட இடம் உண்டு. அது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை குறையும் ஆண்டில் முதலில் கண்ணில் படுவது அந்தப் படிதான்: சம்பளம் அதிகம், சொந்தமாகக் கொண்டுவரும் வேலை குறைவு.

தேர்வு எப்படி நடக்கிறது? பார்ட்னர் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிவார். வேறு அலுவலகத்தைச் சேர்ந்த இன்னொருவர் உங்களோடு வேலை செய்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்துத் தேர்வுக் குழுவுக்கு அறிக்கை தருவார். பெரிய நான்கில் இதோடு ஒரு வணிகத் திட்டமும் எழுத வேண்டும்: நீங்கள் பார்ட்னரானால் அடுத்த மூன்று ஆண்டில் எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு கட்டணம் வரும் என்று.

தோற்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் காரணங்கள் இரண்டு. முதலாவது, எண்கள் முழுவதும் ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்பது. ‘அந்த உறவு ஏற்கெனவே உள்ள பார்ட்னருடையது, இவருடையதல்ல’ என்று குழுவில் ஒருவர் சொன்னால் திட்டம் அங்கேயே சரிந்துவிடும். இரண்டாவது, முன்மொழிந்தவர் நடுவில் ஓய்வு பெறுவது அல்லது வேறு நிறுவனத்துக்குப் போவது. தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே இரண்டாவது ஆதரவாளர் ஒருவரை, முடிந்தால் வேறு துறைப் பிரிவிலிருந்து, தேடிக்கொள்ள வேண்டும்.

தேர்வானபின் வருகிற அதிர்ச்சி பணத்தில். பார்ட்னரில் இரண்டு வகை உண்டு: லாபத்தில் பங்கு பெறுபவர், ஏறக்குறைய நிலையான தொகை பெறுபவர். பிரிட்டனில் இந்த வேறுபாட்டை வரித்துறையே 2014 ஏப்ரல் முதல் சோதிக்கிறது. எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) உறுப்பினரின் வருமானத்தில் குறைந்தது 80 சதவீதம் லாபத்தோடு மாறாத தொகை, நிர்வாகத்தில் கணிசமான செல்வாக்கு இல்லை, போட்ட மூலதனம் அந்த நிலையான தொகையில் 25 சதவீதத்துக்கும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து பொருந்தினால் அவர் வரிக்கணக்கில் ஊழியர். ஒன்று தவறினாலும் பார்ட்னர்தான். நிலையான தொகை 2,00,000 பவுண்டு என்றால், 50,000 பவுண்டு மூலதனம் போட்டவர் மூன்றாவது நிபந்தனைக்கு வெளியே வந்துவிடுவார். புதிய பார்ட்னரிடம் மூலதனம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மூலதனத்தைப் பெரும்பாலோர் நிறுவனமே ஏற்பாடு செய்யும் வங்கிக் கடனில் போடுகிறார்கள். வட்டி உங்கள் தலையில். மாதந்தோறும் கிடைப்பது லாபத்தின் முன்பணம் மட்டுமே. மீதி, கணக்கு முடிந்தபின் தவணை தவணையாக வரும். அமெரிக்காவில் பார்ட்னருக்கு ஊழியர் படிவம் கிடையாது, லாபத்தில் அவர் பங்கைக் காட்டும் கே-1 படிவம்தான். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளில் முதலாளி செலுத்திவந்த பாதியையும் அவரே கட்ட வேண்டும். வருமான வரியையும் ஆண்டுக்கு நான்கு தவணையாக முன்கூட்டிக் கட்ட வேண்டும். பல மாநிலங்களில் வருமானம் வருவதால் பல மாநில வரிப் படிவங்கள். முதல் ஆண்டில் கைக்கு வரும் பணம் பழைய சம்பளத்தைவிடக் குறைவது வியப்பல்ல. ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்கி வைத்தபின் கையெழுத்துப் போடுவது நல்லது.

அக்சென்ச்சரில் இந்தத் தலைவலி இல்லை. 2001 ஜூலையில் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் அது. உச்சியில் இருப்பவர் மேனேஜிங் டைரக்டர். சம்பளம், போனஸ், சந்தையில் விற்கக்கூடிய பங்கு. கடன் வாங்க வேண்டாம். பங்கின் விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம். ஆனால் சக பார்ட்னர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு என்று ஒன்று அங்கே கிடையாது.

வெளியேறும்போது என்ன கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே படியுங்கள். மெக்கின்சியை வளர்த்தெடுத்த தலைவர் மார்வின் பவர் 1963ல் தன் பங்குகளைப் புத்தக மதிப்புக்கே (கணக்கேட்டில் உள்ள மதிப்புக்கே) நிறுவனத்துக்குத் திருப்பி விற்றார். சந்தை விலை கேட்டிருந்தால் பெருந்தொகை கிடைத்திருக்கும். பெயினில் நடந்தது வேறு. 1980களின் நடுவில் நிறுவனர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை ஊழியர் பங்குத் திட்டத்துக்கு விற்க, அதற்காக வாங்கிய கடன் அடுத்த தலைமுறையின் கழுத்தை நெரித்தது. 1991ல் முன்பு அங்கே வேலை செய்த, பின்னாளில் அரசியல்வாதியான மிட் ராம்னி திரும்பி வந்து வங்கிகளோடும் நிறுவனர்களோடும் பேசி மீட்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான பார்ட்னர் ஒப்பந்தங்களில் போட்ட மூலதனம் போட்டபடியே திரும்பும். நிறுவனத்தின் நற்பெயருக்கென்று (குட்வில்) கூடுதல் தொகை கிடையாது. கட்டாய ஓய்வு வயது பெரும்பாலும் 60 அல்லது 62. மூலதனம் எத்தனை மாதத்தில் திரும்பும், போட்டி நிறுவனத்துக்குப் போனால் அந்தத் தவணை நிற்குமா என்ற இரண்டு பிரிவுகளையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.