ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(கடைமடைக் கிராமம் ஒன்றில், கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய நூலகர் அம்மா அவர்களே, நடவு முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, பின்வரிசை மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றி கொன்றவனாவேன். ஆறாம் வகுப்பில் முகத்தல் அளவையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று மரக்கால் வரை மேசைமேல் வரிசையாக அடுக்கி, மணலை அள்ளி அளந்து காட்டினார். எண்பது வயதைக் கடந்தும் இந்த நூலகத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் வருகிறார். ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் இந்தக் கட்டடத்தின் ஓட்டை மாற்றித் தந்தார்கள்; மழைக்குப் புத்தகங்கள் நனையாமல் இருப்பது அவர்கள் தயவு. இருவருக்கும் ஊர் சார்பில் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு ‘விண்வெளிப் பொருளாதாரத்தில் தேவையும் அளிப்பும்’. மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன். வானத்தில் என்ன இருக்கிறது, அதற்கு யாருக்குத் தேவை, அதை யார் பங்கிடுவது. இம்மூன்றுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் தண்ணீர். பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஒரு கிலோவைத் தாழ்வட்டப் பாதைக்கு ஏற்ற ஏறத்தாழ மூவாயிரம் டாலர் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் இடுப்பில் சுமக்கும் குடம் பதினைந்து லிட்டர் கொள்ளும். அந்த ஒரு குடத்தை மேலே கொண்டுபோக முப்பது லட்ச ரூபாய்க்கு மேல்! அதனால்தான் அங்கே மூச்சின் ஈரம், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து மறுபடி குடிக்கிறார்கள். நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் நிலையை எட்டிவிட்டதாக 2023ஆம் ஆண்டு நாசா அறிவித்தது.

நம்முடைய சந்திரயான்-1 2008இல் கிளம்பியது. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பது அதில் சென்ற கருவியின் தரவிலிருந்து 2009இல் உலகுக்குத் தெரிந்தது. தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டியாக நீர் உறைந்திருக்கிறது. நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். அவை ராக்கெட்டுக்கு எரிபொருள். நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதால் அங்கிருந்து சுமையைக் கிளப்புவது எளிது. பல நாடுகளும் தென்துருவத்தைக் குறிவைப்பது இதனால்தான். நம் சந்திரயான்-3 அதன் அருகே 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியபோது இந்த நூலகத்துத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார இடமில்லை.

பொருளின் விலை அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இதைக் கடைமடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி, 93.47 டி.எம்.சி. நிரம்பி நிற்கலாம். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,831 கோடி லிட்டர். என் வயலில் கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் வாய்க்காலில் ஈரம் இல்லையென்றால் அத்தனை கோடி லிட்டரும் எனக்கு நிலாத் தண்ணீர்தான்.

இரண்டாவது தேவை. உலோகம் நிறைந்தது என்று கருதப்படும் சைக்கி என்னும் சிறுகோள் ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பு இத்தனை கோடி கோடி டாலர் என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அறுவடை வாரத்தில் எல்லார் களத்திலும் ஒன்றாக உளுந்து காயும்போது வியாபாரி என்ன விலை கேட்பார் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு உலோகம் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் அந்த விலை நிற்காது. வரும் வழியும் எளிதன்று. பென்னு என்ற சிறுகோளுக்கு நாசா 2016இல் அனுப்பிய விண்கலத்தின் பெட்டகம் ஏழாண்டு கழித்துப் பூமிக்கு வந்தது. அதில் இருந்தது 121.6 கிராம். தலைமையாசிரியர் ஐயாவின் ஆழாக்கில் பிடிக்கும் அரிசியின் எடையைவிடக் குறைவு.

இனிப் பங்கீடு. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

மேட்டூர் திறப்பு தள்ளிப்போன ஓர் ஆண்டில் நடந்ததாக என் தாத்தா சொன்னது. எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கடிகாரம் வைத்திருந்தவர் யாரும் இல்லை. கரையில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர். அதில் ஒரு பித்தளை வட்டில் மிதக்கும். வட்டிலின் அடியில் ஊசித்துளை. துளை வழியே நீர் ஏறி, ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் ஆனதும் வட்டில் மூழ்கி, அண்டாவின் அடியில் ‘ணங்’ என்று இடிக்கும். உடனே ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பார்கள். ஒரு வயலுக்கு ஐந்து வட்டில். பிறகு மடை மாறும்.

கடைசி வயல் ஒரு பாட்டிக்குச் சொந்தம். கணவரில்லை, பிள்ளைகளும் அருகில் இல்லை. தன் முறைக்காகக் கரையில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நள்ளிரவில் எழுந்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையைத் தட்டினார். “தம்பி, ஐந்து வட்டிலுக்கு எனக்கு ஐந்து வெற்றிலைதான். இன்றைக்கு எட்டு வெற்றிலை போட்டுவிட்டேன், இன்னும் நாலாவது வட்டில் மூழ்கவில்லை” என்றார். தாத்தா போனார். வட்டிலைத் தூக்கி விளக்கின் முன்னால் பிடித்தார். துளையின் ஓரத்தில், நகத்தால் சுரண்டினால் வருமளவு, தேன்மெழுகு. துளை பாதியாக அடைபட்டிருந்தது. முறை அப்போது மேல்மடைக்காரருடையது. வட்டில் மெதுவாக மூழ்கினால் அவர் வயலுக்குத் தண்ணீர் கூடுதல் நேரம் பாயும்.

விடியற்காலை ஊர் கூடியது. அபராதம் போடச் சொன்னார்கள் சிலர், தண்ணீரை நிறுத்தச் சொன்னார்கள் சிலர். தாத்தா இரண்டையும் ஏற்கவில்லை. “அவர் பயிரும் வாடித்தான் கிடக்கிறது. அவருக்கு உள்ள ஐந்து வட்டில் அவருக்கு உண்டு. ஆனால் இன்று முதல் வட்டில் பாட்டி வீட்டில் இருக்கும்” என்றார். கடைசி வயல்காரர் கையில் அளவு! அடுத்த ஆண்டு மெழுகு வைத்த அந்த மனிதரே தாத்தாவிடம் வந்து, “இப்போதுதான் என்னை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை” என்றாராம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளக்கிற வட்டில் கடைசி ஆள் வீட்டில் இருக்கட்டும்.

வானத்துக்கு வருவோம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை ஒன்றுதான். அதில் இடம் குறைவு. முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பூமத்திய ரேகை நாடுகள் எட்டு, 1976இல் பொகோட்டாவில் கூடி எங்கள் தலைக்கு மேலுள்ள பாதை எங்களுக்கே என்றன, உலகம் கேட்கவில்லை. நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967 விண்வெளி உடன்படிக்கை. அங்கே எடுத்த பொருள் எடுத்த குடிமகனுக்கே என்கிறது அமெரிக்காவின் 2015 சட்டம். எவ்வளவு எடுக்கலாம், யார் அளப்பது என்பதில் எல்லா நாடுகளும் ஒப்பிய ஏற்பாடு இன்னும் இல்லை. நிலவு ஆய்வுக்காக அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூனில் இந்தியா கையெழுத்திட்டது. அந்த மேசையில் நம் நாடு கடைமடைக்காரர்களுக்காகப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். இதை விரிவாகச் சொல்ல ஆசை. தலைவர் ஐயாவிடமிருந்து சீட்டு வந்துவிட்டது.

அதனால் நேரே நம் வாய்க்காலுக்கு வருகிறேன். காவிரியில் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். மேட்டூரில் அளக்கிறார்கள். கல்லணையில் வெண்ணாற்றுக்கு இவ்வளவு, காவிரிக்கு இவ்வளவு என்று அளக்கிறார்கள். வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால்களான நம் ஊர் சி வாய்க்கால், டி வாய்க்கால் தலைமதகில் யார் அளக்கிறார்கள்? சுவரில் ஓர் அளவுப்பலகைகூட இல்லை. கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்து நிற்கிற வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று ஏட்டில் இருக்கும், வயலில் இருக்காது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஒருவர் எத்தனை ஷட்டருக்கு ஓடுவார்?

குறைதீர் நாள் கூட்டங்களில் நான் கொடுத்த மனுக்களில் கேட்டது இரண்டுதான். ஒவ்வொரு சி, டி வாய்க்கால் தலைமதகிலும் அடி, அங்குலம் குறித்த அளவுப்பலகை பதிக்க வேண்டும். அதைத் தினமும் பார்த்து எழுதும் ஏடு அந்த வாய்க்காலின் கடைசி வயல்காரரிடம் இருக்க வேண்டும். பலகைக்கு ஆகும் செலவு விண்வெளிக்குக் கொண்டுபோகும் ஒரு தம்ளர் தண்ணீருக்குக்கூட வராது.

வாசலில் மேசைமேல் மனுத்தாள் இருக்கிறது. வயல் இல்லாதவர்களும் கையெழுத்துப் போடலாம். பக்கத்தில் தாத்தாவின் வட்டிலையும் ஓர் அண்டாவில் மிதக்க விட்டிருக்கிறேன். மாணவர்கள் அது மூழ்கும்வரை இருந்து, உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.